மிளகாயில் மகசூலைக் கூட்டுவது எப்படி: இயற்கை உரமும் பயிர் ஊக்கியும், புதியவர்களுக்கான வழிகாட்டி

மிளகாய்ச் செடி வளர்ந்து முடித்த பிறகு பூக்கும் செடியன்று. தண்டு முதன்முதலாகக் கவைத்துப் பிரியும் இடத்திலேயே முதல் மொட்டு தோன்றுகிறது. அதன் பின் ஒவ்வொரு கிளையும் இரண்டாகப் பிரியும் கணுதோறும் மொட்டு வைக்கிறது. ஆகவே கிளை பிரிவது நின்றால் பூவும் நிற்கும். கிளைக்கு மட்டும் சத்துப் போய், தழை தழைத்துக்கொண்டே இருந்தால் வைத்த பூ உதிரும். நட்டதிலிருந்து ஆறு ஏழு மாதம் வரை செடி வளர்ச்சியையும் காய்ப்பையும் ஒரே நேரத்தில் சுமக்க வேண்டியிருப்பதால், மிளகாய்க்கு உரத்தின் மொத்த அளவைவிட அது எப்போது, எத்தனை தவணையாகக் கிடைக்கிறது என்பதே முக்கியம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பலர் பயிர் ஊக்கியை உரமாக எண்ணிவிடுகிறார்கள். பஞ்சகவ்யம், மீன் அமிலம் (வெல்லத்தோடு நொதிக்கவைத்த மீன் கழிவு), கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம் (மக்கிய தாவரப் பொருளில் உருவாவது) ஆகியவற்றில் உள்ள தழை, மணி, சாம்பல் சத்துகள் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) ஒரு பயிருக்குப் போதவே போதாதவை. வேர் விடுவதையும், சத்தை உறிஞ்சுவதையும், பூ பிஞ்சாவதையும், வெயிலைத் தாங்குவதையும் அவை தூண்டுகின்றன. தூண்டப்பட்ட செடிக்கு மண்ணில் உணவு இருக்க வேண்டும். எனவே இந்தக் கட்டுரை முதலில் மண்ணையும், அடுத்து உரத்தையும், அதன் பிறகே ஊக்கிகளையும் எடுத்துக்கொள்கிறது. வயலிலும் இதே வரிசையில்தான் செல்ல வேண்டும். அளவுகள் எல்லாம் 100 சதுர மீட்டர் நிலத்துக்குக் கொடுக்கப்பட்டுள்ளன, 60 செ.மீ. வரிசை இடைவெளியும் 45 செ.மீ. செடி இடைவெளியும் விட்டால் அதில் ஏறத்தாழ 370 செடிகள் நிற்கும். வீரிய ஒட்டு இரகங்கள் அதிகம் படரும் என்பதால் அவற்றுக்கு 75 × 60 செ.மீ. விடலாம், அப்போது செடிகளின் எண்ணிக்கை 220 அளவுக்குக் குறையும்.

படி 1: மண்ணை அறிதல்

நடுவதற்கு ஒன்றரை மாதம் முன்பே மண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கார அமிலத்தன்மை (pH) 6 முதல் 7 வரை இருந்தால் மிளகாய்க்கு நல்லது, 7.5 வரை சமாளித்துக்கொள்ளும். கவனிக்க வேண்டிய இன்னொரு எண் உப்பின் அளவு. மிளகாய் உப்பைத் தாங்காத பயிர். மண்ணின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 1.5 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே மகசூல் சரியத் தொடங்கும். அத்தகைய நிலத்தில் புதுக் கோழி எருவையோ, அடர்த்தியான மாட்டுக் கோமியத்தையோ, கழுவாத தென்னை நார்க் கழிவையோ சேர்த்தால் நன்மைக்குப் பதிலாக உப்பே கூடும்.

தண்ணீர் ஒரு நாள் தேங்கினாலும் வேர் மூச்சுத் திணறி, வாடல் நோய்க்கு வழி திறந்துவிடும். வடிகால் சரியில்லாத நிலமாக இருந்தால் 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அமைத்துவிட்டுத்தான் உரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். போன பருவத்தில் தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு பயிரிட்ட இடத்தைத் தவிர்ப்பதும் அவசியம். இவை மிளகாயின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், அவற்றைத் தாக்கிய வாடல் கிருமியும் வேர்முடிச்சு நூற்புழுவும் மண்ணிலேயே காத்திருக்கும்.

படி 2: அடியுரம்

இங்கே சற்று நின்று கணக்குப் போடுவது நல்லது. கணக்கில்லாமல் கொட்டும் எரு சில நேரம் குறைவாகவும் சில நேரம் வீணாகவும் போவதுதான் இயற்கை முறையில் மகசூல் குறைவதற்குப் பெரும் காரணம் என்பது என் கருத்து.

நல்ல மிளகாய்ப் பயிருக்கு ஹெக்டேருக்கு ஏறக்குறைய 120 கிலோ தழைச்சத்து தேவை எனக் கொண்டால், நம் 100 சதுர மீட்டருக்கு 1.2 கிலோ. மக்கிய தொழு உரத்தில் சுமார் 0.5 விழுக்காடு தழைச்சத்து இருக்கும். ஹெக்டேருக்கு 25 டன் என்ற வழக்கமான அளவில் நம் நிலத்துக்கு 250 கிலோ இட்டால் அதில் 1.25 கிலோ தழைச்சத்து உள்ளது. தேவை தீர்ந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் தொழு உரத்தின் தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே முதல் பருவத்தில் செடிக்குக் கிடைக்கும். மீதி அடுத்தடுத்த பருவங்களில் மெல்ல வெளிப்படும். ஆக இப்போது கிடைப்பது 0.4 கிலோ. மண்புழு உரத்தில் 1.5 விழுக்காடு எனக் கொண்டால், 50 கிலோவில் உள்ள 0.75 கிலோவில் பாதியளவு இந்தப் பருவத்துக்கு உதவும். 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கில் 0.25 கிலோவும், 3 கிலோ கடலைப் பிண்ணாக்கில் 0.2 கிலோவும் உண்டு. பிண்ணாக்குகள் விரைவில் சிதைவதால் அவற்றின் சத்தில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். எல்லாவற்றையும் கூட்டினால் 1.2 கிலோவை நெருங்குகிறோம். உங்கள் மண்ணின் வளத்தையும் கையில் இருக்கும் எருவின் தரத்தையும் பொறுத்து இந்த எண்கள் மாறும். கணக்கிடும் முறை மாறாது.

இவற்றில் தொழு உரம் முழுவதையும் கடைசி உழவின்போதே இட்டு மண்ணோடு கலந்துவிடுங்கள். இடுவதற்கு இரண்டு வாரம் முன்பு, அந்த எருக்குவியலில் 50 கிலோவை மட்டும் தனியே பிரித்து, 2.5 கிலோ வேப்பம் பிண்ணாக்கும் நோய்க் கிருமிகளை அடக்கும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா 25 கிராமும் கலந்து, நிழலில் ஈரப்பதம் காத்து வைத்தால் பூஞ்சை அதில் பல்கிப் பெருகும். வெறும் பொடியாக மண்ணில் தூவுவதைவிட இப்படிப் பெருக்கி இடுவது வேரழுகலைத் தடுப்பதில் கூடுதல் பயன் தரும். தழைச்சத்தையும் மணிச்சத்தையும் செடிக்குக் கிடைக்கச் செய்யும் நுண்ணுயிர் உரங்களான அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகியவற்றில் தலா 50 கிராமை, மேலே கணக்கிட்ட 50 கிலோவுக்கு அப்பால் தனியே எடுத்த 5 கிலோ மண்புழு உரத்தில் கலந்து நடவுக்கு முன்பு வரிசைகளில் தூவலாம். வேருக்குள் வாழ்ந்து செடி சத்தை உறிஞ்ச உதவும் பூஞ்சையான வேர் உட்பூசணத்தை மட்டும் மேலே தூவிப் பயனில்லை. அது வேரைத் தொட்டால்தான் உயிர் பெறும் என்பதால் நாற்றங்காலிலோ நடவுக் குழியிலோ இட வேண்டும்.

மக்காத சாணத்தை ஒருபோதும் இடாதீர்கள். அது மண்ணில் சிதையும்போது வெளிவரும் சூடும் அம்மோனியாவும் இளவேரைக் கருக்கும்; களை விதையும் வேர்ப்புழுவும் கூடவே வரும்; மனிதருக்கு நோய் தரும் கிருமிகளும் அதில் இருக்கலாம். அமெரிக்க இயற்கை வேளாண் விதிகள், மக்காத எருவை இட்டால் விளைபொருள் மண்ணைத் தொடும் பயிர்களில் 120 நாளும், தொடாதவற்றில் 90 நாளும் கழித்தே அறுவடை செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது இதனால்தான். நன்கு மக்கிய எரு கருமையாக, பொலபொலவென்று, சாண வாடையின்றி மண்வாசனையோடு இருக்கும். கையை உள்ளே விட்டால் சூடு தெரியாது.

மர அடுப்புச் சாம்பல் சாம்பல்சத்துக்கு எளிய வழிதான். ஆனால் அது காரத்தன்மை உடையது. கார அமிலத்தன்மை ஏற்கெனவே 7-ஐத் தாண்டிய மண்ணுக்கு வேண்டாம். சாணத்தோடும் பிண்ணாக்கோடும் சாம்பலைச் சேர்த்துக் கலந்து வைத்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 3: விதையும் நாற்றும்

விதையை 3 விழுக்காடு பஞ்சகவ்யக் கரைசலில் 20 நிமிடம் ஊற வைத்து, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். அல்லது கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மாவைக் கலந்து விதைக்கலாம். இரண்டில் ஒன்று போதும். மிளகாய் விதை முளைக்க மண் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். 25 முதல் 30 டிகிரி செல்சியஸில் எட்டுப் பத்து நாளில் முளைவிடும். குழித்தட்டில் வளர்த்தால் வேர் அறுபடாமல் நடலாம். நாற்றங்காலில் நீர் மிகுந்தால் நாற்றழுகல் வரும். பூவாளியால் அளவாகத் தெளித்து, மாலையில் மேல்மண் காய்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பூச்சி புகாத வலைக்குள் நாற்று வளர்ப்பது செலவாகத் தோன்றினாலும் தவறவிடக் கூடாத முதலீடு. இலைச்சுருட்டு வைரஸை வெள்ளை ஈ பரப்புகிறது. நாற்றுப் பருவத்தில் நோய் தொற்றிய செடியை எந்த உரமும் எந்த ஊக்கியும் மீட்காது.

படி 4: நடவு

35 முதல் 45 நாள் வயதுள்ள, தடித்த தண்டும் ஐந்தாறு இலையும் கொண்ட நாற்றுகளை மாலை வேளையில் நடுங்கள். பறித்த நாற்றின் வேரை லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் பாக்டீரியா) கரைத்த நீரில் அரை மணி நேரம் நனைத்து நட்டால் வேர் விரைவில் பிடிக்கும். வாடல் நோயும் குறையும். குழிக்கு 70 கிராம் மண்புழு உரம் போதும். 370 செடிக்கும் சேர்த்து 25 கிலோ, அதாவது நாம் கணக்கிட்ட 50 கிலோவில் பாதி, இங்கே செலவாகிறது. நட்டவுடன் தண்ணீர், பின்பு மூடாக்கு. காய்ந்த வைக்கோல் அல்லது சருகு மூடாக்கு மண்ணின் ஈரத்தை ஏற்ற இறக்கமின்றி வைத்திருக்கும். பின்னால் பார்க்கப்போகும் பல சிக்கல்கள் இந்த ஏற்ற இறக்கத்தால் வருபவையே.

படி 5: மேலுரம்

நட்ட 30-ஆம் நாள் களையெடுத்து, எஞ்சிய 2.5 கிலோ வேப்பம் பிண்ணாக்கையும் 12.5 கிலோ மண்புழு உரத்தையும் கலந்து, செடிக்கு ஒரு கைப்பிடி வீதம் தண்டைத் தொடாமல் சுற்றி இட்டு மண் அணையுங்கள். 60-ஆம் நாள் மீதி 12.5 கிலோ மண்புழு உரத்தை அதேபோல் இடுங்கள்.

கடலைப் பிண்ணாக்கை 45, 70, 95-ஆம் நாள்களில் ஒவ்வொரு கிலோவாகப் பிரித்துக் கொடுக்கலாம். ஒரு கிலோவைப் பத்து லிட்டர் நீரில் மூன்று நான்கு நாள் ஊறவிட்டு, தினமும் கலக்கி, பின்பு நூறு லிட்டராக விளாவிச் செடிக்குக் கால் லிட்டர் வீதம் ஈர மண்ணில் ஊற்ற வேண்டும். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகும். பறிப்பு தொடங்கிய பின்பும் இந்தத் தவணைகளை நிறுத்தாதவர்களின் செடிகளே ஐந்தாறு பறிப்புக்குப் பிறகும் புதுக் கிளை விட்டுப் பூக்கின்றன. முதல் இரண்டு பறிப்போடு செடி ஓய்ந்துபோவது பெரும்பாலும் பசியால்தான்.

இலை கரும்பச்சையாகப் பெருத்து, கணு இடைவெளி நீண்டு, பூ வைக்காமல் நின்றால் தழைச்சத்து மிகுந்துவிட்டது என்று பொருள். அப்போது அடுத்த தவணையைத் தள்ளிப்போடுங்கள். சாறு உறிஞ்சும் பூச்சிகளான அசுவினியும் இலைப்பேனும் கொழுத்த இளந்தளிரை முதலில் தேடிவரும்.

தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: செடிக்குப் பதினைந்து லிட்டராவது கொள்ளும் பை தேவை. மண், மக்கிய உரம், கழுவிய தென்னை நார்க் கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் இட்டு வந்தால் போதும்.

படி 6: பயிர் ஊக்கிகள்

ஒவ்வொரு ஊக்கிக்கும் ஒரு பருவம் உண்டு. எல்லாவற்றையும் வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாகத் தெளிப்பவர்கள் எதனால் பயன் கிடைத்தது என்று அறியாமலே பணத்தைச் செலவழிக்கிறார்கள். முதல் முறை பயிரிடுபவர் வேர்ப் பருவத்துக்கு ஒன்று, பூப் பருவத்துக்கு ஒன்று என இரண்டை மட்டும் தேர்ந்தெடுப்பது நல்லது.

வேர்ப் பருவம் என்பது நட்ட முதல் முப்பது நாள். ஹியூமிக் அமிலத்தை வேரில் ஊற்றலாம். பக்கவேர்கள் பெருகவும், மண்ணில் இறுகியிருக்கும் இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்சத்துகளைச் செடி எடுத்துக்கொள்ளவும் அது உதவுகிறது. கரிமச்சத்து மிகக் குறைந்த மணற்பாங்கான நிலத்தில் இதன் பயன் தெளிவாகத் தெரியும்; ஆண்டுதோறும் எரு கண்ட நிலத்தில் வேறுபாடு சிறிதாகவே இருக்கும். அப்படிப்பட்ட நிலம் உங்களுடையதானால் இந்தச் செலவைத் தவிர்த்துவிடலாம்.

வளர்ச்சிப் பருவத்துக்குப் பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் ஏற்றவை. பஞ்சகவ்யத்தை நீங்களே தயாரிக்கலாம். 7 கிலோ பசுஞ்சாணத்தோடு 1 கிலோ நெய்யைப் பிசைந்து மூன்று நாள் வைத்து, பிறகு 10 லிட்டர் கோமியமும் 10 லிட்டர் நீரும் சேர்த்துப் பதினைந்து நாள் தினமும் காலையும் மாலையும் கலக்கி, அதன்பின் பால் 3 லிட்டர், தயிர் 2 லிட்டர், இளநீர் 3 லிட்டர், வெல்லம் 3 கிலோ, கனிந்த வாழைப்பழம் 12 சேர்த்தால், முப்பதாவது நாளில் கரைசல் ஆயத்தமாகிவிடும். வாய் அகன்ற மண் பானையோ பிளாஸ்டிக் தொட்டியோ கொள்ளுங்கள். உலோகப் பாத்திரம் கூடாது. பத்து லிட்டர் நீருக்கு 300 மில்லி வீதம் துணியில் இருமுறை வடிகட்டி, நட்ட 20-ஆம் நாளிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம். 3 விழுக்காட்டைத் தாண்டினால் இலை விளிம்பு கருகக்கூடும். அடர்த்தியைக் கூட்டுவதால் பலன் கூடுவதில்லை. மீன் அமிலம் தழைச்சத்து மிக்கது. பத்து லிட்டருக்கு 50 மில்லியில் தொடங்கி, பூ வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

பூப் பருவமே மகசூல் தீர்மானமாகும் கட்டம். மிளகாய் தான் வைக்கும் பூக்களில் பெரும்பகுதியை உதிர்த்துவிடும் இயல்புடையது. உதிர்வதில் சிறு பங்கைத் தடுத்தாலும் காய் எண்ணிக்கை கண்கூடாக உயரும். பகல் வெப்பம் 32 முதல் 35 டிகிரியைத் தாண்டினாலும், இரவு வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலும் மகரந்தம் வலுவிழந்து பூ உதிர்கிறது. 15 டிகிரிக்குக் கீழான குளிரிலும் இதே கதிதான். நீண்ட வறட்சிக்குப் பின் ஒரேயடியாகப் பாய்ச்சும் நீரும் பூவை உதிர்க்கும். இந்தக் காரணங்களைச் சரிசெய்யாமல் ஊக்கியை மட்டும் நம்புவது வீண். கோடையில் நிழல்வலை கட்டுவதும், நாள் தவறாமல் அளவாக நீர் கொடுப்பதும் எந்தத் தெளிப்பையும்விடப் பூவைக் காக்கும்.

இவற்றைச் செய்த பின் கடற்பாசிச் சாறு நல்ல துணை. அதில் உள்ள சைட்டோகைனின் போன்ற வளர்ச்சிப் பொருள்களும் பீட்டைன்களும் வெப்பத்தையும் நீர்ப் பற்றாக்குறையையும் தாங்கச் செடிக்கு உதவுகின்றன. அதன் அடர்த்தி தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுவதால், உறையில் குறித்த அளவையே பின்பற்றி, மொட்டு வைக்கும்போது ஒருமுறையும் பதினைந்து நாள் கழித்து ஒருமுறையும் தெளியுங்கள். வீட்டிலேயே செய்ய விரும்புபவர்களுக்குத் தேமோர் கரைசல் உண்டு: புளித்த மோரையும் தேங்காய்ப் பாலையும் கலந்து ஏழு நாள் நொதிக்கவிட்டு, வடிகட்டி, பத்து லிட்டருக்கு 300 முதல் 500 மில்லி சேர்த்துப் பூக்கும் தறுவாயில் தெளிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பூ உதிர்வைத் தடுக்க 10 பி.பி.எம். அளவில், அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம், நாப்தலீன் அசிட்டிக் அமிலத்தை நட்ட 60, 90-ஆம் நாள்களில் தெளிப்பது நெடுநாளைய பரிந்துரை. அது பலனும் தருகிறது. ஆனால் அது செயற்கை ஹார்மோன். இயற்கை வேளாண் சான்றிதழ் பெறுபவர்கள் பயன்படுத்தக் கூடாது. அளவு தவறினால் விளைவு தலைகீழாகிவிடும்: ஆப்பிள் தோட்டங்களில் மிகுதியான பிஞ்சுகளை உதிர்ப்பதற்கு இதே பொருளைத்தான் தெளிக்கிறார்கள். டிரையகான்டனால் வேறு வகை. அதன் ஊக்கத் தன்மை 1977-இல் குதிரைமசால் தழையில் கண்டறியப்பட்டது. தேன்மெழுகிலும் இயற்கையாகவே உள்ள பொருள் என்றாலும், விற்பனைக்கு வரும் கலவையில் வேறு என்ன சேர்க்கப்பட்டுள்ளது என்று பார்த்தே சான்றிதழ் நிலத்தில் பயன்படுத்த முடியும். உறையில் உட்பொருளைக் குறிப்பிடாமல் "பூ கொட்டாது, காய் குலுங்கும்" என்று மட்டும் அச்சிட்டிருக்கும் புட்டிகளை வாங்காதீர்கள். இயற்கை என்ற பெயரில் பூச்சிக்கொல்லியையோ செயற்கை ஹார்மோனையோ கலந்து விற்பதும் நடக்கிறது.

தெளிப்பைக் காலை ஒன்பது மணிக்குள்ளோ மாலை நான்குக்குப் பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். நம் நிலத்துக்கு ஒரு தெளிப்புக்கு ஐந்து லிட்டர் கரைசல் போதும்; இலையின் அடிப்பாகமும் நனைய வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீரானால் ஓர் இரவு திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். நுண்ணுயிர்க் கரைசலோடு செம்பு கலந்த மருந்தையோ வேறு பூஞ்சைக்கொல்லியையோ சேர்க்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வார இடைவெளியாவது வேண்டும்.

படி 7: சத்துக் குறையா, பூச்சியா என்று பிரித்தறிதல்

இலை சுருண்டவுடன் உரம் போதவில்லை என்று எண்ணி ஊக்கியைத் தெளிப்பது புதியவர்களிடம் மிகப் பரவலாகக் காணும் பிழை. இலை மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டால் மஞ்சள் முரணைச் சிலந்தி என்ற, கண்ணுக்கு எளிதில் தெரியாத சாறுறிஞ்சி. இலை சிறுத்து, நரம்பு தடித்து, செடியே குறுகிக் கொத்தாக நின்றால் வைரஸ். முதல் இரண்டுக்கும் தொடக்கத்திலேயே வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலோடு சேர்த்து லிட்டருக்கு 5 மில்லி வீதம் மாலையில் தெளிக்கலாம். சிலந்திக்கு நனையும் கந்தகமும் உண்டு, ஆனால் கடும் வெயிலில் அது இலையைப் பொசுக்கும், வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் தெளிக்கலாகாது. வைரஸ் கண்ட செடியைப் பிடுங்கி அழித்துவிடுங்கள்.

காயின் நுனியில் பழுப்பாகிக் குழிந்து அழுகினால் அது பெரும்பாலும் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) காயை எட்டாததன் அறிகுறி. மண்ணில் சுண்ணாம்பு இருந்தும் இது வரலாம். நீர் சீராகக் கிடைக்காதபோது செடியால் அதைக் காய்க்குக் கொண்டுசேர்க்க முடிவதில்லை. எனவே முதலில் பாசனத்தையும் மூடாக்கையும் சரிசெய்து, மண் பரிசோதனை குறைவு காட்டினால் மட்டும் ஜிப்சம் இடுங்கள்.

படி 8: பறிப்பும் ஒப்பீடும்

பச்சை மிளகாயை நட்ட 75 நாள் அளவிலிருந்தும், பழ மிளகாயை 105 நாள் அளவிலிருந்தும் பறிக்கலாம். பச்சையாகவே அடிக்கடி பறித்தால் செடி மேலும் பூக்கும். பழுக்கவிட்ட காய்கள் செடியின் ஆற்றலை விதைக்கு இழுத்துக்கொள்வதால் பூவின் எண்ணிக்கை குறையும். விற்பது எதுவோ அதைப் பொறுத்து முடிவெடுங்கள். காம்போடு கிள்ளிப் பறியுங்கள். இழுத்தால் அடுத்த மொட்டு இருக்கும் கணுவே முறியும். சாணம், கோமியம் கலந்த கரைசல்களை முதல் பறிப்புக்குப் பின் இலையில் தெளிக்காமல், வேரில் மட்டும் ஊற்றுவது உண்பவர்களுக்குப் பாதுகாப்பு.

தொடக்கத்திலேயே இரண்டு வரிசைகளை ஒதுக்கி, அவற்றுக்கு மற்ற எல்லாவற்றையும் அதேபோல் கொடுத்து, ஊக்கி தெளிக்கும் நாளில் மட்டும் வெறும் நீரைத் தெளித்து வாருங்கள். ஓரத்து வரிசைகளில் வெயிலும் காற்றும் மாறுபடும் என்பதால் அவை வயலின் நடுவில் இருக்கட்டும். ஒவ்வொரு பறிப்பிலும் அந்த வரிசைகளின் காயையும், அதே எண்ணிக்கையுள்ள ஊக்கி கண்ட செடிகளின் காயையும் தனித்தனியே எடைபோட்டு, தேதியோடு குறித்து வையுங்கள். பருவ முடிவில் கிடைத்த கூடுதல் எடையின் மதிப்பு, ஊக்கிக்கும் கூலிக்கும் ஆன செலவைவிட அதிகமா என்று பாருங்கள். அதிகமில்லையென்றால் அடுத்த முறை அந்தப் பணத்தை எருவுக்கோ நிழல்வலைக்கோ மாற்றுங்கள்.

கடைசிப் பறிப்பு முடிந்ததும் பத்துச் செடிகளையேனும் வேரோடு மெதுவாகத் தோண்டிப் பாருங்கள். வேர் வெண்மையாகப் பரந்து கிடந்தால் அதே அடியுர அளவைத் தொடரலாம். மணிமணியாக முடிச்சுகள் இருந்தால் நூற்புழு இருக்கிறது. அந்தப் பாத்தியில் செண்டுமல்லியையோ, சோளம் போன்ற தானியத்தையோ ஒரு பருவம் பயிரிட்டுவிட்டு, மீண்டும் மிளகாய் நடும்போது வேப்பம் பிண்ணாக்கின் அளவை இரட்டிப்பாக்குங்கள். நோயற்ற செடிகளை நறுக்கி எருக்குழியில் சேர்க்கலாம். வாடலும் முடிச்சும் கண்டவற்றை வயலுக்கு வெளியே எரித்துவிட வேண்டும்.